டொரத்தி அக்கா பிடுங்கச் சொன்ன செடிகள்

வயிற்றுவலி புதன்கிழமையே வந்துவிட்டது. டொரத்தி அதை வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் காக்க வைத்தாள். காய்ப்புக்கு வந்திருந்த நானூறு மிளகாய்ச் செடிக்கும் கயிறு கட்டி முடிக்க வேண்டியிருந்தது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வலிக்குப் படுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. கடைசி வரிசைக்குப் போனபோது நிமிர முடியாமல் செடிகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை வாசலில் நிறுத்திவிட்டு வந்த அவள் புருஷன் ரோலண்ட், மனைவி களை எடுக்கிறாள் என்று நினைத்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனான். அவன் அப்படித்தான். தோட்டத்தில் அவள் எப்படி உட்கார்ந்திருந்தாலும் அது ஏதோ விவசாயம் என்று நம்புகிறவன்.

குளித்து, கோப்பி கலந்து, அவளுக்கும் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு வந்தபோதும் அவள் அதே இடத்தில் இருந்தாள். அதற்குப் பிறகுதான் செகாமாட் ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். குடல்வால் வெடித்திருக்கிறது, அறுத்தாக வேண்டும், பிறகு ஒரு வாரம் படுக்க வேண்டும் என்றார்கள். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது டொரத்தி புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் குனிந்தான். ஏதோ பாசமாகச் சொல்லப் போகிறாள் என்று நினைத்திருப்பான் பாவம்.

“காலையில ஏ ஒரு கப்பு, பி ஒரு கப்பு. தொட்டில ஊத்துங்க. மத்தத மோட்டரு பாத்துக்கும்.”

“சரி லா. நீ மொதல்ல போய்ட்டு வா.”

சாஆ என்ற ஊரில் அவர்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி நிலத்தில்தான் தோட்டம். மண்ணில் நடுவதில்லை. கறுப்புப் பைகளில் தேங்காய்நார்த் தூளை நிரப்பி, பைக்கு ஒரு செடி. தொட்டியிலிருந்து மோட்டார் தள்ளும் உரத்தண்ணீர் குழாய் வழியாகப் போய், ஒவ்வொரு பையிலும் குத்திவைத்த சொட்டு முனையில் துளித்துளியாக இறங்கும். ஏ, பி என்பவை அந்தத் தண்ணீரில் கலக்க வேண்டிய இரண்டு உரக் கரைசல்கள்.

பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலையை மூடியபோது டொரத்திக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. முதல் நூறு செடியைக் கொன்றாள். அடுத்த நூறில் பாதியைக் கொன்றாள். செத்த ஒவ்வொன்றையும் பையைக் கிழித்து, வேரைப் பிரித்து, தண்டை வெட்டி, ஏன் செத்தது என்று பார்க்காமல் விட்டதில்லை. நாலு வருஷத்தில் மிளகாய் அவளுக்கு வசப்பட்டது. இந்த நானூறும் ஒன்றுகூடச் சாகாமல் காய்க்க வந்தவை. ஈஸ்டருக்கு முதல் பறிப்பு என்று கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

இதற்கிடையில் ‘மிளகாய் பழகுவோம்’ என்று ஒரு வாட்சாப் குரூப் ஆரம்பித்திருந்தாள். புதிதாகச் செடி வைப்பவர்களுக்கு. அறுநூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். செடெனாக்கில் டயர் கடை வைத்திருக்கும் செல்லப்பன் இரண்டாவது அட்மின். ஜோகூர் பாருவில் அடுக்குமாடி வீட்டு பால்கனியில் பன்னிரண்டு பை வைத்திருக்கும் பல் டாக்டர் நாச்சியப்பன், உலு திராமில் டியூஷன் சொல்லிக் கொடுக்கும் அபிகெயில், இப்படிப் பல ரகம். யார் போட்டோ போட்டாலும் ஒரு நிமிஷத்துக்குள் டொரத்தியிடமிருந்து பதில் போய்விடும். இன்ன மருந்து, இத்தனை மூடி, சாயங்காலம் அடிங்க. கல்யாண விருந்தில் மேசைக்கடியில் வைத்துப் பதில் போடுவாள். பூசை முடிவதற்குள் பதில் போட்டு ஃபாதரிடம் ஒரு முறை பார்வை வாங்கியிருக்கிறாள். கீழே வரிசையாக நன்றி அக்கா, நன்றி அக்கா என்று வரும். அதைப் படிக்க அவளுக்குப் பிடித்திருந்தது. அதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

ரோலண்ட் மட்டும் குரூப்பில் சேரவில்லை. “வீட்லயே கூகுள் இருக்கு. எனக்கு எதுக்கு குரூப்பு?” என்பான். மூட்டை தூக்கச் சொன்னால் தூக்குவான், எந்த மூட்டை என்று கேட்டுக்கொண்டு.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் அங்கம்மா. லாபிஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருஷம் உதிரிப்பழம் பொறுக்கியவர், பித்தப்பையை எடுக்க வந்திருந்தார். தனக்கு வந்த கஞ்சியில் உப்பில்லை என்று நர்ஸ் மிஸ்ஸியிடமும், டொரத்திக்கு வந்த கஞ்சியில் உப்பில்லை என்று டொரத்தியிடமும் சொல்லுவார்.

ரோலண்ட் தினமும் சாயங்காலம் வந்தான். ஞாயிற்றுக்கிழமை முகம் கறுத்து, கண் உள்ளே போய் வந்தான்.

“செடி எப்படி இருக்கு?”

“பச்சையா இருக்கு.”

“உரம்?”

“ஏ ஒரு கப்பு, பி ஒரு கப்பு. நீ படு லா. டாக்டர் உன்ன கவலப்பட வேணாம்னு சொன்னாரு.”

“நான் எங்க கவலப்பட்டேன்?”

“அதான் கேக்கறியே.”

திங்கட்கிழமை மதியம் வெயில் ஜன்னல் கண்ணாடியில் நின்று எரிந்தது. பங்குனி வெயில், பத்து நாளாக மழை இல்லை. நரம்பில் மருந்து ஏறிக்கொண்டிருக்க, டொரத்தி மற்றக் கையால் குரூப்பைத் திறந்தாள். ‘புது ஆள்’ என்ற பெயரில், அவளுக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போட்டோ. துவண்டு தொங்கும் இலைகள், கிட்டத்தில் எடுத்தது. கீழே எழுத்து: வணக்கம். நான் புதுசு. காலையில நல்லா இருந்துச்சு. இப்ப மயங்கி கெடக்கு. என்னா செய்யணும்?

டொரத்தி விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். இலை பச்சையாகவே தொங்குகிறது. எத்தனை பார்த்திருக்கிறாள். ‘வாடல் நோய். மருந்து கிடையாது. பிடுங்கி எரிச்சிடுங்க. பக்கத்துப் பைக்குத் தொத்தும்’ என்று எழுதி அனுப்பினாள். நாற்பது விநாடி. கட்டைவிரல் படங்கள் வந்தன. பல் டாக்டர் எழுதினார்: ‘அக்கா மருத்துவமனையில் இருந்தபடியே வழிகாட்டுகிறார்கள். மிக்க நன்றி.’

“சிரிக்கிற. நல்ல சேதியா?” என்றார் அங்கம்மா.

“ஒரு ஆளுக்கு உதவி செஞ்சேன் ஆண்ட்டி.”

“என்னா உதவி?”

“செடிய புடுங்க சொன்னேன்.”

அங்கம்மா கொஞ்ச நேரம் கூரை விசிறியைப் பார்த்தார். “நல்ல உதவிதான்” என்றார்.

அடுத்த போட்டோ அப்போதுதான் வந்தது. இந்த முறை தூரத்திலிருந்து, முழு வரிசை. ‘நூத்தி நாப்பது செடி இப்படி இருக்கு அக்கா. எல்லாத்தையுமா?’ போட்டோவின் ஓரத்தில், எடுத்தவரின் கால் விழுந்திருந்தது. நீல ஜப்பான் சிலிப்பர். அதில் இடது கட்டைவிரல், நகம் கறுத்து, பாதி எழும்பி. போன கிறிஸ்மஸுக்கு முதல் நாள் இருபது கிலோக் குலை விழுந்த விரல். அந்த விரலுக்கு மஞ்சள் அரைத்துப் பூசியது அவள்.

தன் தோட்டத்தைத் தானே எரிக்கச் சொல்லியிருக்கிறாள்.

ரோலண்டைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி. ‘புது ஆள்’ நம்பருக்கும் அடித்தாள்; அவள் கவலைப்படக் கூடாதென்று லோரி வேலைக்குக் கொடுத்த போனிலிருந்து கேட்டிருக்கிறான். அவன் போனை வீட்டில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போயிருப்பான், கையில் பாராங் கத்தியோடு. சொன்ன வேலையைச் செய்வதில் அவனைப் போல ஆள் கிடையாது. அதுதான் இப்போது பயமாக இருந்தது. ஏழாவது முறையும் அடித்தாள்.

“யாருக்கும்மா அடிக்கிற?”

“வீட்டுக்காரருக்கு. என் செடிய புடுங்கறாரு ஆண்ட்டி.”

“அலமாக். யார் புடுங்க சொன்னா?”

“நான்தான்.”

அங்கம்மா எழுந்து உட்கார முயன்றார். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவருக்கு இவ்வளவு சுவாரசியமாக ஒன்றும் நடக்கவில்லை.

டொரத்தி குரூப்பில் தட்ட ஆரம்பித்தாள். ‘பொறுங்க. பிடுங்காதீங்க. எந்த வரிசை? குழாய் ஆரம்பிக்கிற பக்கமா, கடைசிப் பக்கமா? பைக்குள்ள விரலை விட்டுப் பாருங்க, ஈரமா, காஞ்சிருக்கா? ராத்திரி நிமிருதா? தண்டு உள்ள கறுத்திருக்கா? ஒரு தண்டை வெட்டி கிளாஸ் தண்ணில நிறுத்துங்க, பால் மாதிரி நூல் இறங்குதா? எத்தன நாளா? என்ன உரம்? எப்படிக் கலந்தீங்க?’

அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். பிறகு செல்லப்பன் எழுதினான்: ‘அக்கா, இது நீங்கதானா? ஆஸ்பத்திரில யாராச்சும் உங்க போன எடுத்துட்டாங்களா?’

அந்த வரியைப் படித்தபோதுதான் டொரத்திக்கு முகத்தில் சூடு ஏறியது. தான் எழுதிய கேள்விகளை மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். ஒன்பது. இத்தனை நாளில் ஒரு ஆளிடம் இதில் ஒன்றைக்கூட அவள் கேட்டதில்லை. தன் செடி என்றதும் எப்படி வந்து விழுந்தன. மற்றவர்கள் செடி நாற்பது விநாடிச் செடி. அவள் நூற்றைம்பது செடியைக் கொன்று, கிழித்துப் பார்த்து, அழுது கற்றுக்கொண்டதை, யாருக்கும் ஒரு பையைக்கூடக் கிழிக்க விடாமல் மருந்துப் பெயராக மட்டும் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டில் இருக்கிற மனுஷனுக்கும் அப்படித்தான். ஏ ஒரு கப்பு, பி ஒரு கப்பு. ஏன் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து ரோலண்டே கூப்பிட்டான். மூச்சு வாங்கியது.

“எதுக்கு இத்தன தடவ அடிச்ச? வலிக்குதா?”

“புடுங்கிட்டீங்களா?”

“என்னாத்த?”

“உங்க கால் வெரல எனக்குத் தெரியாதா? சொல்லுங்க. எத்தன புடுங்குனீங்க?”

“ஒண்ணு.”

டொரத்தி கண்ணை மூடிக்கொண்டாள். “ஒண்ணுதானா?”

“ஒண்ணு புடுங்குனேன். ரெண்டாவதுக்குப் போனா நீ கட்டுன கயிறு இருக்கு. வயித்துவலியோட கட்டுனது. மனசு வரல லா. சரி, புடுங்குனதயாச்சும் பாப்போம்னு பைய ஒடச்சேன். வேரு வெள்ளையா நல்லா இருக்கு. தூளு காஞ்சி பொடியா கொட்டுது. இவ்ளோ தண்ணி ஓடுற தோட்டத்துல பை எப்படிக் காயும்? லோரி நின்னா நான் எஞ்சினயா கழட்டுவேன்? மொதல்ல டீசல் எண்ண வருதான்னுதான பாப்பேன். சொட்டு முனைய உருவி வாயில வெச்சி ஊதுனேன். ஊதவே முடியல. உள்ள வெள்ளையா, சுண்ணாம்பு மாதிரி அடச்சிக் கெடக்கு.”

“வெள்ளையாவா?” டொரத்திக்குப் புரிந்துவிட்டது. “உரத்த எப்படிக் கலந்தீங்க?”

“ஏ ஒரு கப்பு, பி ஒரு கப்பு.”

“எதுல?”

“வாளில. ரெண்டயும் ஒண்ணா ஊத்தி, நல்லா கலக்கி, அப்பறம் தொட்டில ஊத்துனேன். எதுக்கு ரெண்டு தடவ நடக்கணும்? கோப்பியும் பாலும் ஒண்ணாத்தான போவுது.”

தண்ணீரில்லாமல் நேராகக் கலந்தால் இரண்டும் திரிந்து கல்லாகிவிடும். இது அவளுக்குப் பழகிப்போய், சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றாத அளவுக்குப் பழகிப்போயிருந்தது.

“அப்பறம் எனக்கே சந்தேகம் வந்துச்சு” என்றான் ரோலண்ட். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. “ரெண்டு கிளாஸ் எடுத்தேன். ஒண்ணுல ஏயும் பியும் சும்மா கலந்தேன். தயிர் மாதிரி ஆயிருச்சு. இன்னொண்ணுல தண்ணி நெறைய ஊத்தி, ஏ கொஞ்சம் விட்டு, கலக்கி, அப்பறம் பி. கண்ணாடி மாதிரி நிக்குது. அதான் நான் செஞ்ச தப்பு. என்மேல கோவமா?”

“இல்ல. சரி, இப்ப கேளுங்க. மொதல்ல தொட்டிய—”

“இரு. சொல்லாத.”

“என்னா?”

“சொல்லாத லா. நான் பாக்கறேன். நீ சொன்னா நான் செஞ்சிருவேன். ஆனா அடுத்த தடவ மறுபடியும் உன்னத்தான் கேக்கணும். மயங்குனதுக்கெல்லாம் ரப்பர் குழாய்ல தண்ணி ஊத்திட்டேன். மிச்சத்த நான் பாக்கறேன்.”

போனை வைத்துவிட்டான். இருபத்து நாலு வருஷத்தில் அவள் பேசிக்கொண்டிருக்கும்போது அவன் போனை வைத்ததில்லை. டொரத்திக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எது முதலில் என்று தெரியவில்லை.

அடுத்த மூன்று நாள் அவள் பட்ட பாடு குடல்வாலுக்குக்கூடப் பட்டதில்லை. முனைகளை எதில் ஊறப்போட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். குழாயின் கடைசி மூடியைத் திறந்துவிட வேண்டும் என்று தெரியும். தொட்டியின் அடியில் படிந்ததைச் சுரண்ட மறந்துவிடுவானோ. சாயங்காலம் அவன் வருவான், ரசமும் நெத்திலிப் பொரியலும் கொண்டு வருவான், விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தடம். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டான். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே,

“ஊற வெச்சீங்களா?” என்பாள்.

“சாப்புடு.”

“வினிகர்லயா?”

“டொரத்தி.”

“நான் சும்மா கேட்டேன்.”

புதன்கிழமை ராத்திரி அவள் ஒரு நீளமான செய்தி எழுதி, அனுப்பாமல் அழித்ததை அங்கம்மா பார்த்துவிட்டார். “கஷ்டமா இருந்தா போன எங்கிட்ட குடு. தலகாணிக்கு அடில வெச்சிக்கிறேன்” என்றார். டொரத்தி நிஜமாகவே கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்கு அனுப்பினார்கள். தவக்காலத்து வெள்ளி என்பதால் வழியில் பரோட்டாவும் பருப்பும் மட்டும் சாப்பிட்டார்கள். வீட்டுக்குப் போனதும் அவள் உள்ளே போகாமல் பின்பக்கம் நடந்தாள். ரோலண்ட் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

செடிகள் நின்றன. ஒன்பது காலிப் பைகள் இருந்தன. பிடுங்கிய ஒன்று, தாமதமாகத் தண்ணீர் போன எட்டு. மற்றவை காய்களைத் தூக்கிக்கொண்டு நின்றன. சில செடிகளில் நுனி கருகியிருந்தது, பரவாயில்லை, தழைத்துவிடும். நானூறு முனையையும் அவன் மூன்று நாள் லீவு போட்டு, ஒவ்வொன்றாக உருவி, புளித்தண்ணீரில் ஊறவைத்து, ஊசியால் குத்தியிருந்தான். புளி. அவளுக்கு அது தோன்றியதே இல்லை. மோட்டார் வாயில் அவளுடைய பழைய காலுறை ஒன்று கட்டியிருந்தது, கசடு போகாமலிருக்க.

“உக்காரு. சொல்றேன்” என்றான். ஏ என்பது என்ன, பி என்பது என்ன, இரண்டும் ஏன் தண்ணீருக்குள்தான் சந்திக்க வேண்டும் என்று கால் மணி நேரம் விளக்கினான். இரண்டு இடத்தில் தப்பாகச் சொன்னான். டொரத்தி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில், “காலுறைய எத்தன நாளைக்கு ஒரு தடவ கழுவணும்?” என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

“தெரில. பாப்போம்” என்றான் அவன்.

அவன் உள்ளே கோப்பி கலக்கப் போனதும் அவளுக்குச் செல்லப்பன் ஞாபகம் வந்தது. போன வருஷம் ஜூன் மாதம், ஒரு போட்டோ. துவண்ட இலை. எண்பது செடி. பிடுங்கி எரிச்சிடுங்க. அவன் அன்றைக்கே நன்றி அக்கா என்று போட்டான். பை ஈரமா என்று அவள் கேட்கவில்லை. போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள்.

“அக்கா, வீட்டுக்கு வந்துட்டீங்களா?” பின்னால் டயரைத் தட்டும் சத்தம் கேட்டது.

“வந்துட்டேன் தம்பி. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். போன வருசம் உங்க எண்பது செடிய புடுங்க சொன்னேனே, ஞாபகம் இருக்கா? நான் ஒண்ணும் பாக்காம சொல்லிட்டேன். அது வாடல் நோயான்னு எனக்கு இப்ப தெரில. வெறும் தண்ணி அடைப்பா இருந்திருக்கலாம். மன்னிச்சிருங்க. நாத்து ரெடியானதும் எண்பதும் நானே கொண்டாந்து தரேன்.”

டயர் சத்தம் நின்றது. செல்லப்பன் கடைக்கு வெளியே வந்திருக்க வேண்டும்.

“அக்கா, கோவிச்சிக்க மாட்டீங்களே?”

“நான் எதுக்குக் கோவிச்சிக்கிறேன்?”

“நான் புடுங்கல.”

“என்னா?”

“ஒண்ணுகூடப் புடுங்கல அக்கா. தண்ணி ஊத்திப் பாத்தேன். ஏழு செடி தானா செத்துச்சு. மிச்சம் இப்பவும் காய்க்குது. போன வாரம்கூட எங்க வீட்ல அந்த மிளகாயில சம்பல் இடிச்சாங்க.”

டொரத்தி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அத ஏன் குரூப்ல சொல்லல?”

“நீங்க அட்மின் லா. அவ்ளோ அன்பா பதில் போட்டீங்க. எப்படிச் சொல்றது?”

“இப்ப சொல்லுங்க. போட்டோவோட போடுங்க.”

போட்டான். டயர்களுக்குப் பின்னால் சிவக்கச் சிவக்கக் காய்த்து நிற்கும் செடிகள். ‘அக்கா புடுங்க சொன்ன செடி. மன்னிக்கணும்.’ பிறகு பல் டாக்டர் எழுதினார்: ‘உண்மையைச் சொன்னால், நானும் பிடுங்கவில்லை அக்கா. பால்கனியில் வெயில் அதிகம் என்று தோன்றியது. உள்ளே நகர்த்தி வைத்தேன்.’ அபிகெயில் எழுதினாள், அவள் மருந்தே அடிக்கவில்லையாம்; இலையைத் திருப்பிப் பார்த்து, பூச்சியைத் துணியால் துடைத்தாளாம். அதற்குப் பிறகு மடை திறந்துவிட்டது. ஒவ்வொருவராக வந்து பாவசங்கீர்த்தனம் செய்தார்கள், போட்டோவோடு. டொரத்தி வயிற்றில் கையை அழுத்திக்கொண்டு சிரித்தாள். தையல் வலித்தது, சிரிப்பு நிற்கவில்லை. பிடுங்கியவர்கள் எழுத மாட்டார்கள், அவர்கள் எப்போதோ மிளகாயும் வேண்டாம் குரூப்பும் வேண்டாம் என்று போயிருப்பார்கள் என்பதும் சிரிப்புக்கு நடுவில் அவளுக்குத் தெரிந்தது. அவர்களையும் தேடிப் பேச வேண்டும்.

ரோலண்ட் இரண்டு கோப்பையோடு வந்து அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

“எத்தன பேரு?”

“இது வரைக்கும் இருபத்தாறு.”

“அடப்பாவமே. உன் பேச்ச கேட்டு புடுங்குன ஆளே இல்லயா?”

டொரத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பையை வாங்கினாள்.

“இருக்காரு ஒருத்தரு” என்றாள். “அவரும் ஒண்ணோட நிறுத்திட்டாரு.”